பெட்டியைத் திருப்பிக் கொடு

ஆலங்குடா
14.01.2018

அன்புள்ள அக்கா,

சர்வேசுரனுக்குத் தோத்திரம். இங்கே நாங்கள் மூவரும் சுகம். மடத்தில் நீங்களும் மற்றச் சிஸ்டர்மாரும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். மலைப்பக்கம் கடும் குளிர் என்று ரேடியோவில் சொன்னார்கள். இங்கே காற்றில் உப்பும் மணலும் வருகிறது, வேறு புதினமில்லை.

நத்தார் பெருநாளுக்கு நீங்கள் அனுப்பிய படத்தை மகள் டிலுக்ஷி தன் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறாள். யூலை கடைசி ஞாயிறு அவளுக்கு முதல் நற்கருணை. வெள்ளைச் சட்டையை நானே தைக்கிறேன். இந்த முறை தாயும் தகப்பனும் பிள்ளையை நடுவில் விட்டு, மூவருமாகப் போய் நற்கருணை வாங்க வேண்டுமாம். மறைக்கல்வி ரீச்சர் அஜித்தா இப்போதே சொல்லிவிட்டாள். இந்தக் கடிதத்துக்குக் காரணம் அதுதான்.

என் வீட்டுக்காரர் பஸ்தியானின் நோயை, மூன்று வருஷத்துக்கு முன் உங்கள் மடத்துக் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன். எச்.ஐ.வி. என்று எழுத எனக்குப் பயமில்லை, உங்கள் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிற மதர் வாசித்தாலும் பரவாயில்லை. நோய் நோய்தான். அவர் நாளும் குளிசை போடுகிறார், கடலுக்குப் போகிறார். எனக்கு நோய் இல்லை. என் இரத்தத்தையும் இடைக்கிடை பார்க்கிறார்கள்.

எழுத வெட்கமான காரியம் வேறு. கிளினிக்கில் குளிசையோடு ஒரு பெட்டி உறையும் தருவார்கள். நம் கரையில் கடல் தொழிலுக்குப் போகிறவர்கள் போன் நனையாமல் உள்ளே போட்டு முடிச்சுப் போடுகிறார்களே, அதே உறை. எங்கள் வீட்டிலும் பாவிக்கிறோம். கலியாண வகுப்பில் பாதர் கூடாது என்று சொன்னவற்றில் அதுவும் ஒன்று. இதற்கு மேல் ஒரு கன்னியாஸ்திரிக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. உங்களுக்கு விளங்கும்.

அது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் நற்கருணைக்கு எழும்புவதில்லை. பஸ்தியான் எழும்புவார். நோய்க்காரர் போகிறார், நோயில்லாதவள் கோவில் வாங்குப் பலகையில் இருக்கிறேன். அவருடைய நோய் ஊரில் ஒருவருக்கும் தெரியாது, ஆகவே ஊர் என்னைப் பற்றித்தான் கதைக்கிறது. பாதரிடம் கேட்க முடியாது, பாட்டுக்குழுவில் பாடுகிறவள் நான், பாவசங்கீர்த்தனத் தட்டிக்கு மறைவில் கேட்டாலும் என் குரல் அவருக்குத் தெரியும். உங்களிடம் கேட்கிறேன். பாவமா? பாவமென்றால் என்ன செய்யட்டும்? இரண்டு வரி எழுதினால் போதும்.

உங்கள் மன்றாட்டில் எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்,
தங்கச்சி பவுலினா


மடம்
08.02.2018

அன்புள்ள தங்கச்சி,

இயேசுவின் சமாதானம் உன் வீட்டில் தங்குவதாக. முழங்கால் நோவைத் தவிர எனக்கு ஒரு குறையுமில்லை. இப்போது என்னை அப்பம் செய்யும் அறையில் விட்டிருக்கிறார்கள். மாவைக் கரைத்து, இரும்பில் சுட்டு, வட்டமாக வெட்டுகிறோம். பூசையில் நற்கருணையாகக் கொடுக்கப் பல கோவில்களுக்குப் போகிறது. என் கைக்கு இன்னும் வட்டம் சரிவரவில்லை.

வருகிற புதன் திருநீற்றுப் புதன். அதன் பிறகு உயிர்த்த ஞாயிறு வரை எங்களுக்குக் கடிதம் எழுதுவதுமில்லை, வாங்குவதுமில்லை. வருவதெல்லாம் மதரின் மேசை லாச்சியில் இருக்கும். ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

நீ கேட்டது பாவம்தான். ஒன்று எதற்காகத் தரப்பட்டதோ அதற்கே பாவிக்க வேண்டும். வேறு வழிக்குத் திருப்பினால், அது சின்னக் காரியமானாலும் ஆண்டவருக்கு முன் பிழை. எல்லாரும் செய்கிறார்கள் என்பது சாட்டு. பெட்டியைத் திருப்பிக் கொடு. இனிமேல் வாங்காதே. பஸ்தியானுக்கும் சொல். பிறகு பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுப் பிள்ளையோடு சந்தோஷமாக எழும்பு. இதற்காகவா இவ்வளவு காலம் வாங்கில் இருந்தாய்?

தபசு காலம் உங்களுக்கு நன்மை தரட்டும்.
அக்கா யூஜீனியா


ஆலங்குடா
27.02.2018

அன்புள்ள அக்கா,

தோத்திரம். நாங்கள் சுகம். உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் பூச விடுகிறார்களா? இந்தக் கடிதம் மதரின் லாச்சியில் கிடக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். எழுதாவிட்டால் எனக்குச் சரியாக இருக்காது.

நீங்கள் சொன்னபடி செய்தேன். பெட்டியைக் கிளினிக்கில் திருப்பிக் கொடுத்தேன். நேர்ஸ் மிஸ் ஏன் என்று கேட்டார். வீட்டில் நிறைய இருக்கிறது என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யையும் சேர்த்துப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும்.

பஸ்தியானுக்கு உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தார். மடித்து என் கையில் தந்துவிட்டு, "அக்கா புத்தகத்தப் பாத்து எழுதியிரிக்கிறா. நம்மளப் பாத்து எழுதல்ல" என்றார். அதோடு கிழிந்த வலை பொத்தப் போய்விட்டார். இவ்வளவு காலம் நான் சும்மா வாங்கில் இருந்ததாக நீங்கள் எழுதியிருந்தது எனக்கும் கொஞ்சம் நொந்தது. ஆனாலும் நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

டிலுக்ஷியின் சட்டைக்குக் கை வைத்தாயிற்று, கழுத்து மட்டும் பாக்கி.

எங்களை மறவாதீர்கள்,
பவுலினா


ஆலங்குடா
19.03.2018

அன்புள்ள அக்கா,

இன்று சூசையப்பர் திருநாள். குடும்பங்களுக்காக இங்கே பூசை வைத்தார்கள். நீங்களும் அங்கே மன்றாடியிருப்பீர்கள். உடம்புக்கு நாங்கள் சுகம்.

பஸ்தியான் வாடிக்குப் போய்விட்டார். கரையில் வலையும் எஞ்சினும் வைக்கிற அந்த ஓலைக் கொட்டிலில்தான் இப்போது படுக்கை. தலையணையையும் குளிசைப் போத்தலையும் கொண்டு போனார். சோறு தின்ன வருவார், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார், போய்விடுவார். சண்டை பிடிக்கவில்லை, கையோங்கவில்லை. "பெட்டி இல்லாத வீட்டுல நான் படுக்கமாட்டன். பெட்டி வந்த அண்டைக்கு நானும் வருவன்" என்றார், அவ்வளவுதான்.

எஞ்சினைக் கள்ளன் கொண்டு போவான் என்று அப்பா காவல் இருக்கிறார் என டிலுக்ஷிக்குச் சொல்லியிருக்கிறேன். ஊருக்கு அந்தக் கதை காணாது. அஜித்தா வேலியடியில் நின்று, "அக்கா, பிள்ளைட நாளுக்கு முந்தி என்ன பிரச்சினையெண்டாலும் முடிச்சிடுங்க" என்றாள். முன்பே வாங்கில் இருக்கிறவள், இப்போது புருஷனும் வாடியில். குற்றம் யாருடையது என்று ஊருக்குச் சந்தேகமே இல்லை.

நான் இன்னும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. அவரிலும் கோபம், உங்களிலும் கோபம். தபசு காலத்தில் இப்படி எழுதக் கூடாது, எழுதிவிட்டேன். வீட்டில் அவருடைய இருமல் கேட்காதது எனக்குப் பெரிய வெறுமையாக இருக்கிறது.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
பவுலினா


மடம்
03.04.2018

அன்புள்ள தங்கச்சி,

ஆண்டவர் உயிர்த்தார், அல்லேலூயா. உனக்கும் பஸ்தியானுக்கும் பிள்ளைக்கும் பெருநாள் வாழ்த்து. நான் சுகம். உன் இரண்டு கடிதங்களையும் மதர் நேற்றுத்தான் தந்தார். தரும்போது என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, பவுலினா. போன் நனைந்தால் நனையட்டும், அதற்காக ஒரு மனிதன் வீட்டை விட்டு வாடிக்குப் போவானா? நோயாளிகளின் குளிசையில் ஈரம் படாதிருக்க அரசாங்கம் உறை தருகிறது, நீங்கள் அதை எடுத்துப் போனுக்குப் போடுகிறீர்கள் என்று விளங்கிக்கொண்டேன். பொதுப் பொருளைச் சொந்தத் தொழிலுக்குப் பாவிப்பது பிழை. அதைத்தான் எழுதினேன். கலியாண வகுப்பு என்றது வீடு நடத்துகிற புத்திமதி என்று நினைத்தேன். இதில் என்ன பெரிய காரியம் இருக்கிறது? பஸ்தியானை வீட்டுக்குக் கூப்பிடு. என்னவென்று எனக்கு எழுது.

உயிர்த்தவரின் மகிழ்ச்சி உன்னோடு இருக்கட்டும்.
அக்கா


ஆலங்குடா
15.04.2018

அன்புள்ள அக்கா,

தோத்திரம். எல்லாரும் சுகம்.

உங்கள் கடிதத்தைத் தபால் கந்தோர் வாசலிலேயே பிரித்து வாசித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துப் பிறகு அழுதேன். உள்ளே இருந்த முஸ்லிம் போஸ்ட்மாஸ்டர் எழும்பி வந்து யாருக்கு மௌத்து என்று கேட்டார். ஒருவரும் சாகவில்லை, நானா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெட்கத்தை விட்டுவிட்டு எழுதுகிறேன், மதரும் வாசிக்கட்டும். அது குளிசைக்குரியதுமில்லை, போனுக்குரியதுமில்லை. புருஷனும் பெண்சாதியும் சேரும்போது ஆண் போடுகிற உறை. அவருடைய நோய் என்னிடம் வராமல் இருக்கத் தருகிறார்கள். அது இருந்தால் பிள்ளையும் தங்காது. அதனால்தான் கோவிலில் கூடாது என்கிறார்கள். நம் ஆட்கள் அதற்குள் போனையும் போடுகிறார்கள், தண்ணீர் புகாது என்பதற்காக. நீங்கள் வேண்டாம் என்றது இதைத்தான்.

போன கிழமை டொக்டரிடம் உள்ளதைச் சொன்னேன். பஸ்தியானின் இரத்தத்தில் கிருமி இரண்டு வருஷமாகக் காணவே கிடைக்கவில்லையாம். குளிசையை இப்படியே ஒழுங்காகப் போட்டு வந்தால், உறை இல்லாவிட்டாலும் என்னிடம் வராதாம். பாவிப்பதும் விடுவதும் நீங்கள் இரண்டு பேரும் கதைத்து முடிவெடுங்கள் என்றார். எனக்குப் பெரிய சுமை இறங்கியது. உறையும் வேண்டாம், பாவமும் வேண்டாம் என்று நேரே வாடிக்குப் போனேன்.

பஸ்தியான் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அது டொக்டர்ட படிப்பு. அவ சொல்றது சரியாத்தான் இரிக்கும். ஆனா காலையில ஒன்ட மொகத்தப் பாக்கக்குள்ள எனக்குப் பயம் வரக்கூடா" என்றார். எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. தன்னால் எனக்கு ஒன்றும் வராது என்று நோய் தெரிந்த அன்று எனக்குச் சத்தியம் செய்தவர். இரத்தம் பார்க்கிற மெஷினை நம்பி அந்தச் சத்தியத்தை விடமாட்டார். "ஒருத்தியக் காப்பாத்துறது பாவமெண்டா, அத நான் ஆண்டவரிட்டயே கேட்டுக்குவன்" என்றும் சொன்னார்.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். மறுபடி கேட்கிறேன். பாவமா?

பவுலினா


மடம்
17.06.2018

அன்புள்ள தங்கச்சி,

சமாதானம். உங்கள் மூவரின் சுகத்துக்காகவும் மன்றாடுகிறேன். இரண்டு மாதம் பதில் எழுதாமல் இருந்ததற்கு நோய் காரணமில்லை. எழுதியவற்றை நானே கிழித்துப் போட்டேன்.

பதினெட்டு வயதில் இங்கே வந்தேன். இப்படி ஒரு பொருள் உலகத்தில் உண்டு என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதியிருக்கலாம். தெரிந்தவள் போல எழுதினேன். என்னுடைய அந்த ஒரு பக்கத்தால் பஸ்தியான் வாடியில் படுக்கிறார். மதரிடம் போய் அழுதேன். அவர், "அந்தக் கடிதத்தை நானும் வாசித்துத்தானே அனுப்பினேன். நீங்கள் திருச்சபையின் சட்டத்தை எழுதியதாக நினைத்தேன், சரியென்று விட்டேன்" என்றார். அன்றைக்கு அவருடைய முகமும் நன்றாக இருக்கவில்லை.

பாவமா என்று கேட்டாய். எங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்க வருகிற சுவாமியிடம் நான் கேட்கலாம். கேட்கவில்லை. பதில் வந்தால் அதற்குக் கீழ்ப்படிய வேண்டி வரும். எனக்கு அதற்கு மனமில்லை. இத்தனை வருஷத்தில் எனக்கு வராத மனம் இது.

ஒன்று மட்டும் செய்கிறேன். உன் கடிதம் கிடைத்த நாளிலிருந்து நான் நற்கருணைக்கு எழும்புவதில்லை. காலையில் அப்பம் வெட்டுகிறேன், பூசைக்குப் போகிறேன், என் இடத்தில் இருக்கிறேன். நீ எழும்புகிற அன்றைக்கு நானும் எழும்புவேன். சிஸ்டர்மார் பார்க்கிறார்கள். ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் சாப்பாட்டு மேசையில் என் பக்கம் கதை குறைந்துவிட்டது. நீ வாங்கில் இருந்தது எப்படி என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

உன்னோடு இருக்கும்,
அக்கா


ஆலங்குடா
01.07.2018

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமையில்லை.

உன்னை யார் கேட்டது? நான் கேட்டது ஒரு பதில். அதற்கு நீ பட்டினி கிடக்கிறாயா? வீட்டை விட்டு, அம்மாவின் சாவுக்கும் வராமல், எதற்காக அங்கே போனாய்? அந்த நற்கருணை ஒன்றுக்காகத்தானே? அதையும் விட்டுவிட்டு இருந்தால் உனக்கு அங்கே என்ன இருக்கிறது? எனக்குப் புருஷன் இருக்கிறார், பிள்ளை இருக்கிறது, சண்டை பிடிக்க அஜித்தா இருக்கிறாள். உனக்கு அது ஒன்றுதான். எனக்காக அதை விட உனக்கு உரிமை இல்லை.

கடிதத்தைப் பஸ்தியானிடம் காட்டினேன். இந்த முறை ஒருமுறைதான் வாசித்தார். "இப்ப நம்மளப் பாத்து எழுதியிரிக்கிறா" என்றார்.

அடுத்த நாளே கிளினிக்குக்குப் போய்ப் பெட்டியைக் கேட்டு வாங்கினேன். மிஸ் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பெட்டியைக் கண்டதும் பஸ்தியான் தலையணையைச் சுருட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். போன் நனைந்து செத்துவிட்டதாம், அதற்காகவாவது பெட்டியோடு வந்திருக்கிறாய் என்று பகிடி வேறு.

அக்கா, டொக்டர் சொன்னதை நான் நம்புகிறேன். அந்த உறை இப்போது நோய்க்காக இல்லை, அவருடைய நித்திரைக்காக. அதற்கு ஆண்டவர் என்ன பெயர் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இருபத்தொன்பதாம் திகதி எழும்புவேனா என்றும் தெரியாது. நீ எழும்பு. என்னைப் பார்த்திருக்காதே.

பவுலினா


ஆலங்குடா
30.07.2018

அன்புள்ள அக்கா,

தோத்திரம். நீ சுகமா? நாங்கள் சுகம். போன கடிதத்தில் கோபத்தில் எழுதியதை மனதில் வைக்காதே.

நேற்றுக் காற்று அகோரம். காற்றாடி கட்டிக் கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் கோவிலுக்கு நேரே போய்வந்தார்கள், சின்னப் பிள்ளைகள் பூசையை விட்டு அவர்களைத்தான் பார்த்தார்கள். டிலுக்ஷியின் முக்காடு இரண்டு தரம் பறந்தது. சட்டை நன்றாக அமைந்தது, கழுத்துத்தான் சற்றுப் பெரிது.

எங்கள் வரிசை வந்தது. பஸ்தியான் எழும்பினார், பிள்ளை எழும்பினாள். நான் வாங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். முழு ஊரும் என் முதுகைப் பார்க்கிறது என்று எனக்குத் தெரியும். அப்போது அஜித்தா குனிந்து பஸ்தியானிடம், "அண்ண, போன வெச்சிட்டுப் போங்க" என்று மெல்லச் சொன்னாள். அவருடைய வெள்ளைச் சட்டைப் பையைப் பார்த்தேன். புதுப் போன், உறைக்குள், முடிச்சோடு இருக்கிறது. விடிய வள்ளத்தைப் பார்க்கப் போனவர் கழற்ற மறந்துவிட்டார். "நிப்பாட்டித்தான் இரிக்கு" என்று சொல்லிவிட்டு அவர் நடக்கத் தொடங்கினார்.

ஒருவருக்கும் அதில் ஒன்றும் தெரியவில்லை. அரைவாசி ஆம்பிளைகளின் பையில் அதுதான் இருந்திருக்கும். எந்தப் பொருளுக்காக நான் மூன்று வருஷம் வாங்கில் இருந்தேனோ, அது எனக்கு முன்னால் பீடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு எழும்பிவிட்டேன். எழும்பிய பிறகுதான் பயம் வந்தது, அப்போது பிள்ளை என் கையைப் பிடித்துவிட்டாள்.

பாதர் அப்பத்தை நாக்கில் வைத்தார். நீ வெட்டியதா என்று பார்க்க வழியில்லை. திரும்பி வந்து முழந்தாளில் இருந்தபோது உன்னைத்தான் நினைத்தேன்.

இனி நீயும் சாப்பிடு.
பவுலினா


மடம்
05.08.2018

அன்புள்ள தங்கச்சி,

டிலுக்ஷிக்கு என் முத்தம். அவளுக்கு ஒரு செபமாலை அனுப்புகிறேன், முத்துகளை நானே கோத்தேன். பஸ்தியானுக்கு என் அன்பைச் சொல். முழங்கால் இப்போது குறைவு.

நான் மடத்துக்கு வந்த பிறகு நீ என்னை நீங்கள் என்றுதான் எழுதி வந்தாய். போன இரண்டு கடிதத்திலும் நீ என்று எழுதியிருக்கிறாய். அப்படியே எழுது.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மதர் அப்பம் செய்யும் அறைக்கு வந்து தன் கையால் தந்தார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. நான் வந்த நாளிலிருந்து இங்கே பிரிக்காத கடிதம் ஒன்று என் கைக்கு வந்ததில்லை. எனக்கு முன்னால் நின்றார். நான் மாவுக் கையோடு பிரித்து வாசித்து முடிக்கும்வரை போகவில்லை.

"தங்கச்சி எழும்பினாவா?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, சுட்டு வைத்திருந்த அப்பத் தாள்களைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் காலைப் பூசையில் என் வரிசை வந்தபோது நான் எழும்பினேன். எனக்குக் கிடைத்தது நான் வெட்டியதுதான். ஒரு ஓரம் சரியாக வெட்டுப்படாமல் இருந்தது.

உன் அக்கா